ஒரு காரட் வைரம் இரண்டு, விலை மட்டும் இரண்டு மடங்கு! ஏன்?

(திரையில்: கறுப்புத் துணியில் இரண்டு கற்கள்)

வணக்கம் உறவுகளே! இரண்டும் அசல் வைரம், இரண்டும் ஒரு காரட். ஆனால் இடப்பக்கக் கல்லைப் போல இரண்டு மடங்கு விலை வலப்பக்கக் கல்லுக்கு. காரணம் தெரியாமல் யாழ்ப்பாணத்து நகைக்கடைத் தெருவான கன்னாதிட்டிக்குத் தோடு வாங்கப் போய்விடாதீர்கள்.

நகை என்றாலே "எத்தனை பவுண்?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். வைரத்துக்கும் நிறையைத்தான் முதலில் கேட்கிறோம். தங்கத்தில் 22 காரட் என்பது தூய்மை. வைரத்தில் காரட் என்பது நிறை, 0.2 கிராம். நிறத்துக்கு 'டி' முதல் 'இசட்' வரை எழுத்துகள்: டி நிறமே இல்லாத கல், இசட் பக்கம் போகப் போக மஞ்சள் ஏறும். சரி, அது போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான்: கல்லுக்குள் இருக்கும் குறை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தும் எதுவும் தெரியாவிட்டால் அது குறையற்ற கல். இந்த எழுத்துத் தரங்களைக் கொண்டுவந்தது 1931இல் தொடங்கிய ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம். ஆனால் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைத் திறந்து பாருங்கள்! மதுரைக் கடைத்தெருவில் நான்கு குற்றம் நீங்கிய வைரங்கள் இருக்கின்றன: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. களங்கம் கறை, விந்து புள்ளி, ஏகை கோடு. காகபாதம், காக்கைக் கால் போலப் பிரிந்து நிற்கும் கீற்று. இன்றைய அறிக்கைகளில் விரிசலுக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஃபெதர்', அதாவது இறகு. அவர்களுக்கும் பறவைதான் ஞாபகம் வந்திருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு நித்திரையே வரவில்லை.

அம்மம்மாவின் தோட்டைக் கண்ணாடியில் பார்த்தேன். முதலில் ஒரே மங்கல், ஏனென்றால் வைரத்தில் எண்ணெய் நன்றாக ஒட்டும். சவர்க்காரத் தண்ணீர் தொட்ட பிரஷால் மெல்லத் துடைத்தேன். ஓரத்தில் மூன்று மெல்லிய கீற்றுகள், ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. காக்கைக் காலேதான்!

அப்புறம் பட்டை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மேலால் நுழையும் வெளிச்சம் அடிப்பட்டைகளில் பட்டு மேலேயே திரும்ப வேண்டும். அடி அதிகம் தட்டையானாலும் ஆழமானாலும் வெளிச்சம் வழியிலேயே நழுவிவிடும். இடப்பக்கக் கல்லின் கதை இதுதான்: நிறை குறையக்கூடாது என்று அடியைத் தடிப்பாக விட்டிருக்கிறார்கள். நீங்கள் காசு கொடுத்த நிறை தோட்டுக்குள் மறைந்து கிடக்கும், முகம் சிறிதாகத் தெரியும். நல்ல பட்டையுள்ள ஒரு காரட் வட்டக் கல் குறுக்கே ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் வரும். அளந்து காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கடை விளக்கில் எல்லாக் கல்லும் மினுங்கும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தும் பாருங்கள்.

உங்கள் வீட்டுத் தோட்டிலும் காக்கைக் கால் இருக்கிறதா? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். ஒன்று மட்டும்: பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய தோடென்றால் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், கல்லுக்குப் பின்னால் ஈரம் இறங்கிவிடும்.