பிள்ளைகள் இருந்தாலும் ஊர் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பந்தல் நிறைய உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'முதியோரின் தனிமையைப் போக்கப் பெரிதும் தேவை பிள்ளைகளின் அன்பா, ஊராரின் துணையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், 'பிள்ளைகள் தினமும் பத்து நிமிடம் போனில் பேசினால் போதும், எந்தப் பெற்றோரும் தனிமையில் வாட மாட்டார்கள்' என்றார். பிள்ளைகளின் அன்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இரவு பத்து மணிக்கு அம்மா போனை எடுக்கவில்லை. துபாயில் இருக்கும் மகன் பதறிப்போய் யாரைக் கூப்பிடுகிறான்? பக்கத்து வீட்டைத்தான். 'அக்கா, அம்மா போன் எடுக்க மாட்டேங்குறாங்க, கொஞ்சம் எட்டிப் பாருங்க' என்கிறான். அவனிடம் அன்பு நிறைய இருக்கிறது. ஆனால் போய்க் கதவைத் தட்ட அந்த அக்காதான் வேண்டியிருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுகிறோம்? சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சுகர் பார்த்தீங்களா. அக்கறையான கேள்விகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்த சண்டையை மகனிடம் பேச முடியுமா? அதில் வருகிற ஆட்கள் யாரென்றே அவனுக்குத் தெரியாது. கூட இருந்து பார்த்த இன்னொரு வயதானவரிடம்தான் அதைப் பேச முடியும்.

சரி, பெற்றோரைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைச் சென்னை அடுக்குமாடிக்குக் கூட்டிப் போகிறார்கள். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருகிறார்கள். பேரன் பள்ளிக்கூடம் விட்டு நேரே டியூஷன் போய்விடுகிறான். எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. இதில் யார் மீதும் குற்றம் இல்லை. அன்பான வீட்டுக்குள்ளேயே ஒரு மனுஷி பகல் முழுக்க வாய் திறக்காமல் இருக்கிறாள், அதுதான் என் கவலை.

பிள்ளையே இல்லாதவர்களைப் பற்றி எதிரணி பேசவே இல்லை. கல்யாணம் ஆகாதவர், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் எல்லாம் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மத்திய அரசின் மதிப்பீட்டில் 2021-லேயே இங்கே நூற்றுக்கு 13 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் குறைகிறார்கள், பெரியவர்கள் கூடுகிறார்கள். எல்லாப் பாரத்தையும் ஒற்றைப் பிள்ளையின் தலையில் ஏற்றினால் அந்தப் பிள்ளையும் என்ன செய்யும்?

அடுத்து, சட்டம் இருக்கிறது என்றார்கள். 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கைவிட்ட பிள்ளையிடம் ஜீவனாம்சம் வாங்கித் தரும், நல்ல சட்டம். ஆனால் 'தினமும் சாயங்காலம் உட்கார்ந்து பேசு' என்று எந்தத் தீர்ப்பாயமும் உத்தரவு போட முடியாது.

நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள், நடுவர் அவர்களே. எழுபதை நெருங்கும் பாட்டிகள் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கூலி அவர்களுக்குக் கட்டாயம் தேவை. ஆனால் வேலை இல்லாத மாதங்களில் அவர்களைக் கேட்டால், 'காசு கிடக்கட்டும்யா, நாலு பேரோட பேசிக்கிட்டாவது இருந்தேன்' என்கிறார்கள். வேப்பமரத்தடியில் சோற்றைப் பகிர்ந்து தின்னும் அந்த ஒரு மணி நேரத்தை எந்த மகனாலும் வீட்டில் உண்டாக்கித் தர முடியாது. ஒருநாள் ஒருத்தி வரவில்லையென்றால், மற்றவள் வேலை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பிறகு ஊர்க்காரர்களின் இயக்கமாகவே மாறியது. பயிற்சி பெற்ற சாதாரண மக்கள், படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். பக்கத்து மாநிலத்தில் முடிகிறது, நமக்கு ஏன் முடியாது? காது மந்தமானவர் சபைக்கு வராமல் ஒதுங்குகிறார். பஸ் படி உயரம் என்று ஒருவர் சந்தைக்குப் போவதை நிறுத்துகிறார். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் இருட்டும் முன்னே கதவைச் சாத்திக்கொள்கிறார். இதையெல்லாம் மகன் ஒருவனால் சரிசெய்ய முடியுமா? ஊர் கூடினால்தான் முடியும்.

எதிரணிச் சகோதரி ஒன்று சொன்னார், அது என்னைச் சுட்டது. 'ஊர் ஊர் என்கிறீர்களே, கணவன் இறந்ததும் ஒரு பெண்ணை ஒதுக்கி வைப்பதே இந்த ஊர்தானே' என்றார். உண்மை, அம்மா. வளைகாப்பில் வளையல் அடுக்கக் கூப்பிட மாட்டோம். ஆரத்தி எடுக்கக் கூப்பிட மாட்டோம். புறப்படும்போது எதிரே வந்தால் முகம் சுளிப்போம். இதற்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் நல்ல காரியத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். ஆனால் சகோதரி, இதை யார் மாற்றுவது? மகன் தாயைக் கோயிலாக வைத்துக் கும்பிட்டாலும், பக்கத்து வீட்டு வளைகாப்பில் அவளை முன் வரிசையில் உட்காரவைக்க அவனால் ஆகாது. ஒதுக்கி வைத்தது ஊர் என்றால், திரும்ப அழைக்க வேண்டியதும் ஊர்தான். உங்கள் வாதம் என் பக்கம்தான் நிற்கிறது.

நாளை மறுநாள் இதே பந்தலில் திருவிளக்கு பூஜை. விழாக் குழுவினரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். முதல் விளக்கை ஏற்ற, கணவரை இழந்த ஒரு பாட்டியை அழையுங்கள். பத்திரிகை கொடுத்தால் வர மாட்டார், 'நமக்கெதுக்கு' என்று இருந்துவிடுவார். இரண்டு பேர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசி, கையோடு கூட்டி வாருங்கள். உங்களால் முடியும் என்றால் இப்போதே கைதட்டுங்கள், அதைக் கேட்டுவிட்டு நடுவர் தீர்ப்பு சொல்லட்டும். நன்றி, வணக்கம்.