ஜிப்ஸிக்கு 30, ஓட்டுகிறவருக்கு 22

நேயர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சிப் பக்கம் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று கம்பெனிக்கு எழுதித் தருகிற ஆள். என்னைச் சிரித்த முகத்தோடு வரவேற்றவர்கள் ரொம்பக் குறைவு. வண்டி வாங்குவதற்கு முன்பே என்னைத் தேடி வந்தவர்கள் அதைவிடக் குறைவு. போன வருஷம் அப்படி ஒரு பையன் வந்தான். அவன் கதையை வைத்தே இன்றைக்குப் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அவனுக்கு 22 வயது. 1994 மாடல் மாருதி ஜிப்ஸி ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் போனில் பயமுறுத்தியிருக்கிறார்: சின்ன வயசு, பழைய வண்டி, அதிலும் ஃபோர் வீல் டிரைவ், இன்சூரன்ஸே வண்டி விலைக்கு வந்துவிடும் என்று. "நிசமாவே அவ்வளவு ஆகுமுங்களா சார்?" என்றான்.

அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. அங்கே ஓட்டுகிறவரின் வயதைப் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். நம் நாட்டில் தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான கட்டாய இன்சூரன்ஸ், அதன் கட்டணத்துக்கும் ஓட்டுகிறவரின் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. 22 வயதுப் பையனுக்கும் 60 வயது தாத்தாவுக்கும் ஒரே தொகை. அந்தத் தொகையைக் கம்பெனிகள் வைப்பதில்லை, மத்திய அரசு வைக்கிறது. அதனால் தேர்டு பார்ட்டியை எங்கே மலிவாக வாங்கலாம் என்று பத்து வெப்சைட்டில் தேடுவது வீண் வேலை.

அரசு பார்ப்பது என்ஜினின் அளவை, அதாவது சி.சி.யைத்தான். 2022 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டணத்தைச் சொல்கிறேன், பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். சொந்த உபயோகக் காருக்கு 1000 சி.சி. வரை வருஷத்துக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1500 வரை 3,416. 1500-ஐத் தாண்டினால் 7,897. இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

இதைப் பழைய ஜீப்புகளுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆரம்பகால ஜிப்ஸி 970 சி.சி., முதல் படியிலேயே நின்றுவிடும். பிறகு வந்த ஜிப்ஸி கிங் 1298 சி.சி., நடுப்படி. மஹிந்திராவின் எம்.எம்.540, மேஜர், முதலில் வந்த தார், எல்லாமே 2000-க்கு மேல், அதனால் மூன்றாம் படி. ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால், முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் என்ஜின் அளவினால் மட்டும் வருஷத்துக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது. கையில் அதிகம் காசில்லாத இளைஞர்கள் ஜீப்பைத் தேடும்போதே பார்க்க வேண்டிய கணக்கு இது. எம்.எம்.540-இன் அந்த டீசல் சத்தத்துக்கு மயங்காதவர்கள் யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

பையன் முகத்தில் சந்தோஷம். "970 சி.சி.தான் சார், ஆர்.சி.யில போட்டிருக்கு" என்றான். சரி, வண்டியைப் பார்த்துவிடலாம் என்று போனோம்.

விற்கிறவர் வீடு ஆனைமலைப் பக்கம், தென்னந்தோப்புக்குள். வண்டி வெளியே பளபளவென்று இருந்தது. நான் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் தேடினேன். சேறு காய்ந்து கல்லாக இருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தபின் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் நம்பர் வெள்ளையாக எழும்பி வரும். நோட்டுக்கு அடியில் காசை வைத்துத் தேய்த்து விளையாடியிருப்பீர்களே, அதேதான். ஒவ்வொரு எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிட்டோம். சேசிஸ் நம்பர் சரியாக இருந்தது.

அப்புறம் பானெட்டைத் தூக்கினேன். உள்ளே டீசல் என்ஜின்.

ஆர்.சி.யில் பெட்ரோல். உள்ளே பழைய எஸ்டீம் காரின் 1527 சி.சி. டீசல் என்ஜின், வெல்டிங் வைத்த பிராக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. மலை ஏற இழுவை வேண்டும், மைலேஜும் வேண்டும் என்று எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். இதோடு எப்படி எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். இன்சூரன்ஸ் மட்டும் வருஷாவருஷம் 970 சி.சி. கணக்கில் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நிஜமான என்ஜின் 1500-ஐ 27 சி.சி.யால் தாண்டுகிறது. கட்ட வேண்டியது மூன்றாம் படி.

மலிவாக இன்சூரன்ஸ் கிடைக்கிறது என்று நினைக்கிற பழைய ஜீப்புகள் பலவற்றில் இதுதான் விஷயம். பாலிசியில் எழுதியிருக்கிற வண்டி ஒன்று, ரோட்டில் ஓடுகிற வண்டி வேறொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தன் இஷ்டத்துக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து வந்த வழக்கில் அதை அழுத்திச் சொன்னது. என்ஜின் மாற்ற வேண்டுமானால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியில் வேறு காரின் டீசல் என்ஜினைப் போட்டுவிட்டு அனுமதி கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். இப்படிப்பட்ட வண்டி மோதிக் கிடக்கும்போது நான் போனால், பார்த்ததைத்தான் எழுதுவேன். எழுதினால் உங்கள் வண்டிக்கான கிளெய்ம் அநேகமாக அங்கேயே முடிந்துவிடும்.

பையன் அட்வான்ஸ் பணத்தைத் திருப்பிக் கேட்க வாயெடுத்தான். அதற்குள் விற்கிறவரின் அம்மா, "பழைய மிஷின் மாட்டுச்சாளையில கெடக்குது" என்றார். போய்ப் பார்த்தால் சாக்கு போட்டு மூடி, மேலே வைக்கோல் கட்டுகளோடு அசல் பெட்ரோல் என்ஜின் கிடந்தது. என்ஜின் நம்பரைத் தேய்த்து எடுத்தோம். ஆர்.சி.யில் இருந்த அதே நம்பர். விலையில் 40,000 குறைத்துக்கொண்டு, அந்த என்ஜினையும் சேர்த்து வாங்கினான். மெக்கானிக் செலவு அதைவிடக் கொஞ்சம் கூடவே ஆனது, அது வேறு கதை.

பிறகு வந்தது வீட்டுக்குள் நடந்த பஞ்சாயத்து. ஆர்.சி. யார் பேரில் இருக்க வேண்டும்? அப்பா சொன்னார், "பையன் பேருல வேண்டாமுங்க, என் பேருலயே இருக்கட்டும்." இங்கேதான் நிறையக் குடும்பங்கள் தெரியாமல் தவறு செய்கின்றன. பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று கட்டாயமாக உண்டு. அது 'ஓனர் டிரைவருக்கு'. அதாவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், லைசென்ஸோடு, தானே ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ. அப்பா பேரில் வண்டி இருந்து மகன் ஓட்டிப்போய் மரத்தில் மோதினால் அந்த 15 லட்சம் மகனுக்கு வராது. தேர்டு பார்ட்டியிலும் வராது, ஏனென்றால் வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர் ஓனரின் இடத்தில் நிற்கிறார், மூன்றாம் நபர் ஆகமாட்டார். நான் பார்த்ததிலேயே மனசு கனத்த கேஸ்கள் இந்த வகைதான். வயதுக்கு இங்கே கூடுதல் கட்டணம் இல்லாதபோது, அப்பா பேரில் வைத்து மிச்சமாவது எதுவுமில்லை. யார் ஓட்டப்போகிறாரோ அவர் பேரில் எழுதுங்கள்.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக்கொடுக்க வேண்டும். விற்றவர் கிளெய்ம் கேட்காமல் சேர்த்து வைத்திருந்த தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ் என்பார்கள், அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. "50 பர்சன்ட் போனஸ் இருக்குது தம்பி" என்று புரோக்கர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்த கேள்வி ஃபுல் கவர், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து, போடலாமா என்பது. புது வண்டிக்கு நான் யோசிக்காமல் போடச் சொல்வேன். 30 வருஷ ஜிப்ஸிக்கு யோசிக்க வேண்டும். வண்டியின் மதிப்பை, ஐ.டி.வி. என்பார்கள், ஐந்து வருஷம் வரைதான் ஒரு அட்டவணை போட்டுக் குறைக்கிறார்கள். அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. நீங்கள் மூன்று லட்சம் போட்டு வண்டியை ரெடி செய்திருக்கலாம், கம்பெனி ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஏறமாட்டேன் என்று நிற்கலாம். ரிப்பேர் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த இழப்பு என்று கணக்கு முடிந்துவிடும். சின்ன அடி என்றால், பத்து வருஷம் தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்கு விலையில் பாதிதான் கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதி. கண்ணாடிக்கு மட்டும் பிடித்தம் இல்லை. இந்தப் பிடித்தம் இல்லாத பம்பர் டு பம்பர் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் பொதுவாக இந்த வயது வண்டிக்குத் தரமாட்டார்கள்.

நான் அவனுக்குச் சொன்னது நடுவழி. தேர்டு பார்ட்டியோடு தீ, திருட்டு இரண்டுக்கு மட்டும் கவர் சேர்ப்பது. முப்பது வருஷ ஒயர், கை வைக்காத மெக்கானிக் இல்லை, எப்போது ஷார்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. துணிக்கூரை வண்டியைத் திருடுவதும் சுலபம். இந்தப் பாலிசி வெப்சைட்டில் பெரும்பாலும் கண்ணில் படாது. அரசுத் துறைக் கம்பெனி கிளைக்கு நேரில் போய், ஆர்.சி., பழைய பாலிசி, வண்டியின் போட்டோக்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். முதல் ஆபீஸில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த ஒரு மூத்த அதிகாரி மட்டும் ஃபைலைத் தேடி எடுத்தார்.

தேர்டு பார்ட்டியைக்கூட விட்டுவிடலாமா, தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறோம் என்று சிலர் கேட்பார்கள். தோட்டத்திலிருந்து பெட்ரோல் பங்க் வரை ரோட்டில்தானே போக வேண்டும்? பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அடுத்த தடவை அபராதம் 4,000. அதுகூடப் பெரிதில்லை. ஒரு உயிர் போனால் விபத்து வழக்குகளை விசாரிக்கிற ட்ரிப்யூனல் சொல்கிற நஷ்ட ஈட்டுக்கு மேல்வரம்பு கிடையாது. கம்பெனி கட்டாவிட்டால் தோட்டத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

ஜீப் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டுமான இரண்டு விஷயம் மிச்சம் இருக்கிறது. கொழுக்குமலைக்கு சூரியநெல்லி வழியாக ஜீப்பில் போயிருப்பீர்கள். அந்த ரோட்டைப் பார்த்தவுடன் நம் பையன்களுக்கும் ஆசை வரும், சனி ஞாயிறு நாலு டூரிஸ்ட்டை ஏற்றினால் டீசல் காசு வருமே என்று. ஒயிட் போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றினால் அது பாலிசிக்கு வெளியே. ஆஃப் ரோடு போட்டி, டிரயல் என்று பேர் கொடுத்து ஓட்டினாலும் அப்படித்தான், பாலிசியின் உபயோகக் கட்டுப்பாட்டில் அது வரிவரியாக இருக்கிறது.

இன்னொன்று ஆறு. ஒருவர் ஓடையைக் கடக்கும்போது வண்டி நின்றுவிட்டது. பதற்றத்தில் செல்ஃப் மேல் செல்ஃப் அடித்திருக்கிறார். நான் போய் ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. உள்ளே கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. தண்ணீரில் நின்றதால் வந்த சேதம் இல்லை அது, நின்றபின் ஸ்டார்ட் செய்ததால் வந்தது. கம்பெனி தரவில்லை. ஓடையில் நின்றால் சாவியைத் தொடாமல் கயிறு கட்டி இழுங்கள்.

பையனின் ஜிப்ஸிக்கு முதல் படியிலேயே தேர்டு பார்ட்டி முடிந்தது, அவன் பேரில் 15 லட்சம் கவர், தீயும் திருட்டும் சேர்த்தாயிற்று. போன மாதம் போன் செய்தான். மழைக்குத் துணிக்கூரை ஒழுகி, பின்சீட் முழுக்க நனைந்துவிட்டதாம். "இதுக்கு கிளெய்ம் உண்டுங்களா சார்?" என்றான். இல்லை என்றேன். அவனே போய்த் தார்ப்பாய் வாங்கிப் போட்டிருக்கிறான்.

நன்றி, வணக்கம்.