வரி வசூலிப்பவரை விட்டுவிட்டு நீதிமன்றத்தை மறித்தது ஏன்?

"அமெரிக்காவில் ஷேஸ் கலகம் நடந்தபோது விவசாயிகள் ஏன் நீதிமன்றங்களை மூடினார்கள்? வரி வசூலிப்பவர்கள் மீதுதானே கோபம் வந்திருக்க வேண்டும்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 1786-87இல் மாசசூசெட்ஸ் மாநில விவசாயிகள் கடனையும் வரிச்சுமையையும் எதிர்த்து நடத்திய கலகம் அது.

வரி வசூலிப்பவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். வசூலாகாத பாக்கிக்கு அவர்தான் பொறுப்பு. அவரே மாட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கடனுக்கோ வரிக்கோ நிலத்தையும் மாட்டையும் ஏலம் விட வேண்டுமென்றால் பெரும்பாலும் வழக்கு, தீர்ப்பு எல்லாம் வேண்டும். ஜப்தி செய்தும் கடன் அடையவில்லையென்றால் ஆளைச் சிறையில் போடுவார்கள். கோர்ட்டே கூடவில்லை என்றால்? தீர்ப்பும் இல்லை, ஏலமும் இல்லை. அதனால்தான் 1786 ஆகஸ்ட் 29 அன்று மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் நூற்றுக்கணக்கானவர்கள் முரசு கொட்டிக்கொண்டு போய் நீதிபதிகளை உட்கார விடாமல் செய்தார்கள். அப்புறம் உஸ்டர், ஸ்பிரிங்ஃபீல்ட் என்று பரவியது.

இவர்களில் பலர் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்கள். சம்பளமாகக் கிடைத்தது வெறும் கடன்பத்திரம். வயிற்றுப்பாட்டுக்கு அதை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். வாங்கி வைத்திருந்த வியாபாரிகளுக்கு முழு மதிப்பையும் தருவதாகச் சொல்லி மாநில அரசு வரி போட்டது, அதையும் வெள்ளிக்காசாகக் கேட்டது. தான் விற்ற பத்திரத்துக்குத் தானே வரி கட்டுவதென்றால் யாருக்குத்தான் எரியாது? கலகத் தலைவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ் அந்தப் போரில் கேப்டனாக இருந்தவர். தளபதி லஃபாயெட் பரிசாகக் கொடுத்த வாளையே பணத்துக்காக விற்றவர்.

ஆளுநர் ஜேம்ஸ் பௌடன் படை திரட்ட நினைத்தார், கஜானாவில் காசில்லை. பாஸ்டன் வியாபாரிகள் பணம் போட்டு, பெஞ்சமின் லிங்கன் தலைமையில் படை கிளம்பியது. கடன் கொடுத்தவர்களே படைக்கும் பணம் கொடுத்தது எனக்கு உறுத்துகிறது. அந்தப் படை வந்து சேர்வதற்குள், 1787 ஜனவரி 25 அன்று, ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கைப் பிடிக்க ஷேஸின் ஆட்கள் போனார்கள். உள்ளூர்ப் படை பீரங்கியால் சுட்டது. நாலு பேர் செத்தார்கள், மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். சில நாளில் லிங்கன், பனிப்புயலில் இரவெல்லாம் நடந்து பீட்டர்ஷாமில் அவர்களை மடக்கினார்.

சரி, தோற்றுப்போனார்களா? அந்த ஆண்டுத் தேர்தலில் பௌடன் மண்ணைக் கவ்வினார். ஜான் ஹான்காக் ஆளுநரானார், வரிச்சுமை குறைந்தது, 1788இல் ஷேஸுக்கும் மன்னிப்பு கிடைத்தது.