பூச்சியம் காட்டும் திருத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள். அதைத் தொடக்க காலத்திலேயே தூக்கி நிறுத்திய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர், கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் வழங்கும் இயல் விருது 2015ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. எழுதுகிறவர்களை ஊர் ஓரளவு அறியும். கூட்டித் துடைக்கிறவர்களை யார் அறிவார்? சம்பளமில்லாத அந்த நிருவாகிகளையும், பிறர் செய்யும் திருத்தங்களைப் பார்த்துச் சரிபார்க்கும் சுற்றுக்காவலர்களையும் பற்றித்தான் இன்றைய பேச்சு.

அவர்கள் முதலில் திறப்பது 'அண்மைய மாற்றங்கள்' பக்கம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும்: கூடியது பச்சை, குறைந்தது சிவப்பு. அது எழுத்துக் கணக்கு அல்ல, கணினி சேமிக்கும் அளவான பைட்டுக் கணக்கு. தமிழில் 'க' 3 பைட்டு, 'கொ' 6. பெரிய சிவப்பு எண் தானே கண்ணில் குத்தும். ஆனால் 1948ஐ ஒருவர் 1984 என்று மாற்றினால் எண் பூச்சியம். பொல்லாதது அதுதான். உள்ளே போய்ப் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் மட்டுமே பிடிபடும்.

கொழும்பிலுள்ள கொட்டாஞ்சேனை பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஒரு பயனர் கணக்கிலிருந்து யாரோ ஆண்டை மாற்றுகிறார். அடுத்து வேறொரு கணக்கு, ஊரின் புகழ்பெற்றோர் வரிசையில் தன் நண்பனின் பெயரைச் சேர்க்கிறது. 'முன்னிலையாக்கு' என்ற பொத்தானை அழுத்தினால் கடைசி ஆள் தொடர்ச்சியாகச் செய்தது மட்டும் நீங்கும். நண்பன் போய்விடுவான், பிழையான ஆண்டு இருந்துவிடும். அதைவிட மோசம், யாரோ பார்த்துத் திருத்திய பக்கம் என்று அடுத்தவர் கடந்துபோவார். ஆகவே கைபழகியவர் பொத்தானைத் தொடுமுன் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, நம்பிக்கையான பழைய பதிப்பு வரை பின்னே போவார்.

எழுத்துச் சண்டை வேறு. இலங்கைத் தமிழர் நாம் ரொறன்ரோ என்போம், தமிழகத்தில் டொராண்டோ என்பார்கள். இரண்டும் இருக்கட்டும் என்று ஒன்றைத் தேடுவோரைத் தானாக மற்றதுக்கு அனுப்பும் வழிமாற்று போடுவார்கள். பிறகு யாராவது தலைப்பை மீண்டும் நகர்த்தினால் வழிமாற்று இன்னொரு வழிமாற்றில் போய் முட்டும். வாசகர் பாதிவழியில் நிற்பார். அதையும் தேடித் திருத்தவேண்டும். இவ்வளவு வேலைக்குப் பிறகும் ஆலமரத்தடியில் ஏச்சு விழும். ஆலமரத்தடி என்பது அங்குள்ள பொது உரையாடல் பக்கம். பெயர் பொருத்தமானதுதான்!

நன்றி சொல்ல விரும்பினால் வழி உண்டு. உங்கள் கணக்கில் நுழைந்து, கட்டுரையின் வரலாற்றைத் திறவுங்கள். ஒவ்வொரு திருத்தத்தின் ஓரத்திலும் 'நன்றி' என்று சிறிதாக இருக்கும். தொட்டால் உறுதிதானா என்று கேட்கும். ஆம் என்றால் அவருக்கு அறிவிப்புப் போகும். திரும்பப் பெற இயலாது. யார் யாருக்கு நன்றி சொன்னார் என்பது பொதுப் பதிவேட்டில் தெரியும், எந்தத் திருத்தத்துக்கு என்பது தெரியாது.

அவர்கள் சுமையையும் குறைக்கலாம். திருத்தும்போது ஏன் மாற்றினீர்கள் என்று சுருக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். எண்ணையோ ஆண்டையோ மாற்றினால் சான்றையும் கூடவே சேருங்கள். பத்திரிகைச் செய்தியை அப்படியே வெட்டி ஒட்டவேண்டாம். பதிப்புரிமை மீறல் என்று அழிக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழும்.

வணக்கம்.