நாற்காலியை 14 இன்ச் நகர்த்தினேன், பேஸ் வந்துவிட்டது!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் குரல் கொஞ்சம் கட்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று விடிய விடிய மிக்ஸ், அதாவது பாட்டின் சத்தங்களை அளவாகக் கலக்கும் வேலை. ஆடி மாசம், தெருமுனையில் கூம்பு ஸ்பீக்கர் இரவு பத்தரைக்குத்தான் நிற்கிறது, அதற்கு அப்புறம்தான் நமக்கு வேலை.

போன வீடியோவில் சொன்னேனே, தேனிப் பக்கத்து அக்கா ஒருவர் பாடிய நாட்டுப்புறப் பாட்டு, 5 கட்டை ஸ்ருதி, உறுமி, பறை, அதோடு கிக் டிரம், பேஸ் கிடார் என்று. நான் அனுப்பிய மிக்ஸ் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறை! மூன்றாவது தடவை அக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, கார்ல போட்டா கண்ணாடியெல்லாம் அதிருது, என் குரல் எங்கப்பா?" எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஏனென்றால் என் அறையில் பேஸ், அதாவது அடிச் சத்தம், பத்தவில்லை. பத்தவில்லை என்று 55 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் ஏற்றி வேறு வைத்திருந்தேன்.

உடனே சப்வூஃபர் வாங்கலாம் என்று கடையில் கேட்டால் 22,000 ரூபாய். வாங்கும் முன்னால் ஒரே ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று 56 ஹெர்ட்ஸில் வெறும் சைன் டோனை, ஒரே ஸ்ருதியில் நிற்கும் சத்தத்தை, ஓடவிட்டேன். ஏன் 56 என்றால், என் அறை நீளம் 10 அடி. ஒலியின் வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 வரும். அந்த அலை முன்சுவரிலும் பின்சுவரிலும் பலமாக இருக்கும், நட்ட நடுவில் செத்துப்போகும். நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்? நட்ட நடுவில், 5 அடியில். டோன் ஓடும்போது அப்படியே உடம்பை முன்னால் சாய்த்தேன், யாரோ வால்யூமைத் திருகுவது மாதிரி சத்தம் ஏறியது. பின்னால் சாய்ந்தேன், மறுபடி ஏறியது. நேராக உட்கார்ந்தேன், காணாமல் போனது. இதை நீங்களும் இன்றைக்கே செய்து பாருங்கள், பைசா செலவில்லை.

முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத்தில் உட்கார்ந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். எனக்கு அது 3.8 அடி, அதாவது 14 இன்ச் முன்னால். சரி, நகர்த்திவிடலாம் என்றால் டேபிள் போகவில்லை. பின்னால் யூபிஎஸ் ப்ளக் துருத்திக்கொண்டு 4 இன்ச் தடுக்கிறது. தட்டையான ப்ளக் கேட்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் "அப்படி ஒன்று வருவதே இல்லை" என்றார், இரண்டாவது கடையில் 240 ரூபாய், அதுவும் மூன்று பின் இல்லாதது. மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தார், 90 ரூபாய். அவர் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர். 22,000 கேட்ட பிரச்சினை 90 ரூபாயில் தீர்ந்தது, இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தரையில் நாற்காலிக் கால் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டேன், கேமராவைத் திருப்பிக் காட்டுகிறேன், இதோ, மஞ்சள் டேப்.

அகலத்திலும் இதே கதைதான். 9 அடி, அதன் நடு 62 ஹெர்ட்ஸைத் தின்னும். ஆனால் ஸ்டீரியோவுக்காக அகலத்தில் நடுவில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், அதை மட்டும் ஹெட்ஃபோனில் சரிபார்ப்பேன்.

புது இடத்தில் உட்கார்ந்து பாட்டைப் போட்டதும் அந்த 4 டெசிபல் முகத்தில் அறைந்தது. முதல் வேலையாக அதை எடுத்தேன். நாலாவது மிக்ஸ் தயார். நான் எப்போதும் செய்வதுதான், பென் டிரைவில் போட்டுக்கொண்டு மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மாட்டுத்தாவணி வரை. ஸ்டுடியோ ஸ்பீக்கரை விட எனக்கு அந்த வண்டிகள்தான் முக்கியம், இந்தப் பாட்டை ஜனங்கள் கேட்கப்போவது அங்கேதான். பின் சீட்டுக்கு அடியில் பெட்டி வைத்திருப்பார்கள், முதுகெலும்பில் கேட்கும். ஆட்டோ அண்ணன் சிம்மக்கல் தாண்டும் வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "பாட்டு நல்லாருக்கு தம்பி, ஆனா அடி ஒரே மாதிரி விழலயே" என்றார்.

என்ன காது பாருங்கள்! ஒரு கிக் தடிமனாக விழுகிறது, அடுத்தது சப்பென்று விழுகிறது. அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் எதுவும் ஆடவில்லை, கிக் சாம்பிளும், அதாவது பதிந்து வைத்த சத்தமும், ஒன்றேதான். வீட்டுக்கு வந்து பார்த்தேன். 5 கட்டை என்றால் பேஸ் கீழே பிடிக்கிற ஸா 49 ஹெர்ட்ஸ். என் கிக்கின் வால், அதாவது அடித்த பிறகு இழுக்கும் சத்தம், 52 ஹெர்ட்ஸ். மூன்று ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நொடிக்கு மூன்று முறை சேர்ந்து ஏறும், மூன்று முறை ஒன்றையொன்று அழிக்கும். கிக் விழும் நேரத்தில் பேஸ் அலை எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாதிரி.

இதற்குத்தான் ஈக்யூவை, ஹெர்ட்ஸ் வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் கருவியை, தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள் என்று கத்துகிறேன். கிக்குக்கு 60ஐ ஏற்று, பேஸுக்கு 100ஐ ஏற்று என்று யாரோ கொடுத்த ப்ரீசெட்டைப் போடுவது எனக்கு அறவே பிடிக்காது. பாட்டு என்ன கட்டை என்றே தெரியாத ப்ரீசெட் எப்படி உதவும்? முதலில் யார் அடியில் படுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இந்தப் பாட்டில் பேஸ்தான் அடியில், கிக் வந்து தட்டிவிட்டுப் போய்விட வேண்டும். அதனால் கிக்கை ஒரு செமிடோன், அதாவது அரைக் கட்டை, இறக்கினேன், 52 என்பது 49க்கு வந்து உட்கார்ந்தது. வாலை 400 மில்லிசெகண்டிலிருந்து 180க்கு வெட்டினேன். பாதிப் பிரச்சினை அதிலேயே போனது.

மீதிப் பாதி டைமிங். பேஸ் வாசித்தது நண்பன், மனுசன் வாசித்தது, சில இடத்தில் கிக்குக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறது. 49 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்று சுமார் 20 மில்லிசெகண்ட், 10 மில்லிசெகண்ட் தள்ளினால் ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். பல்லவியில் அப்படி அடித்துக்கொண்ட பதினோரு இடங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக நகர்த்தினேன். எல்லாவற்றையும் தாளக் கட்டத்துக்குள் இழுத்து ஒட்டவில்லை, அப்படிச் செய்தால் குத்து செத்துவிடும்.

அதற்கு மேல்தான் சைட்செயின், ஒரு சத்தம் வரும்போது இன்னொன்றைத் தானாக இறக்கும் வேலை. பேஸில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், கிக் வரும்போது 3 டெசிபல் இறங்கி 120 மில்லிசெகண்டில் திரும்பும். மூச்சு வாங்குவது மாதிரி கேட்டால் அதிகம் என்று அர்த்தம்.

அளவு வைப்பது எப்படி என்று போன வாரம் நிறைய பேர் கேட்டீர்கள். சத்தத்தின் அளவைக் காட்டும் வியூ (VU) மீட்டரில் கிக்கைத் தனியாக மைனஸ் 3க்கு வையுங்கள், அப்புறம் பேஸை ஏற்றிக்கொண்டே வந்து இரண்டும் சேர்ந்து 0 தொட்டதும் நிறுத்துங்கள். சம பலமுள்ள இரண்டு வேறு வேறு சத்தம் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும், அந்தக் கணக்குதான். அது தொடக்கம், மீதியைக் காதால் முடியுங்கள், அதுவும் பக்கத்தில் ஆள் பேசினால் கேட்கிற அளவு மெதுவாக வைத்து. சத்தம் குறைந்தால் காதுக்குக் கீழ் ஸ்தாயி முதலில் மறையும், 1933லேயே பெல் லேப்பில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது. மெதுவாக வைத்தும் பேஸ் தெரிகிறது என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஐயோ, உறுமியை விட்டுவிட்டேன் பாருங்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உறுமியின் அந்த வளைந்த குச்சித் தேய்ப்பு, "ம்ம்ஊஊம்" என்று இழுக்குமே, அதுதான் இந்தப் பாட்டின் உயிர். 90க்குக் கீழே மட்டும் வெட்டினேன், அதற்கு மேல் கை வைக்கவில்லை. பேஸைத்தான் 150 பக்கம் 2 டெசிபல் குறைத்து உறுமிக்கு வழி விட்டேன்.

அப்புறம் போன். போன் ஸ்பீக்கரில் 49 ஹெர்ட்ஸ் வரவே வராது. பேஸை இன்னொரு டிராக்கில் போட்டு, கொஞ்சம் சாச்சுரேஷன் கொடுத்து, அதாவது லேசாகச் சிதைத்து மேல் மடங்குகளை வரவைத்து, 200க்குக் கீழே வெட்டி, அடியில் லேசாகக் கலந்தேன். 49இன் மடங்குகள் 196, 245 என்று கேட்டாலே போதும், இல்லாத அடியை மூளை தானே போட்டுக்கொள்ளும். அம்மா போனில் போட்டுக் காட்டினேன், பேஸ் எந்த ஸ்வரத்துக்கு நகர்கிறது என்று தெளிவாகத் தெரிகிறது.

ஐந்தாவது மிக்ஸ் அதிகாலை 3:40க்கு அனுப்பினேன். காலையில் அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வரவில்லை, வீடியோ வந்தது, காரில் அவர்கள் வீட்டுக் குழந்தை ஆடிக்கொண்டிருக்கிறது, கண்ணாடி அதிரவில்லை, குரல் தனியாக நிற்கிறது.

இன்னும் ஒருவர் கேட்க வேண்டியிருக்கிறது. பென் டிரைவ் இதோ சட்டைப் பையில் இருக்கிறது, அந்த ஆட்டோ அண்ணன் வண்டி நம்பர் ஞாபகம் இருக்கிறது, பெரியாரில் சாயங்காலம் நிற்பாராம். கேமராவையும் எடுத்துக்கொண்டு போகிறேன். வரட்டுமா மக்களே.