ஒன்பதாம் வகுப்பில் டி.சி. வேண்டாம்
(மேலூர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்றும் கேட்காமல் போர்த்திவிட்ட நூலகர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியைப் பேசி முடித்த புலவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

வளரும் பிள்ளை ஏன் முரண்டு பிடிக்கிறது, ஏன் வாயடைத்துப் போகிறது, பெரியவனானால் என்ன ஆகிறது, இந்த மூன்றையும் சொல்லலாம் என்று வந்தேன்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பதினாலு வயதுப் பிள்ளை அழுவதில்லை, பெஞ்சை உடைக்கிறது. அந்த வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிவரலாம் என்கிறது மருத்துவம். நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. ஒன்பதாவது பையன் ஒருவன் அதைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டான். மணி இல்லை, இன்டர்வெல்லும் இல்லை. கணக்கு வாத்தியார் பாட்டுக்கு நடத்திக்கொண்டே இருக்கிறார். "சோறு ஆறுது, மணி அடிங்கய்யா" என்று சத்துணவு ஆயா வந்து நிற்கிறார். தலைமையாசிரியர் வேறு வழியில்லாமல் தட்டும் கரண்டியுமாக வராண்டாவில் நின்று தட்டினார். பால்வாடிப் பிள்ளைகளும் ஓடி வந்து வரிசையில் நின்றுவிட்டன! மறுநாள் டி.சி. தயார். டிரில் மாஸ்டர் மட்டும், "ஏன்டா போட்ட?" என்று கேட்டார். "நாலு மணி அடிச்சா வீட்டுக்குப் போகணும்ல சார்" என்றான். அந்த வீட்டுக் கதையை மேடையில் சொல்ல மாட்டேன். மாஸ்டர் டி.சி.யை நிறுத்தி, மணி அடிக்கும் வேலையை அவனுக்கே கொடுத்தார். இன்று சொந்தமாக மினி லாரி ஓட்டுகிறான்.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை ஆராய்ச்சியாளர்கள் நடுவயது வரை விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அதில் பணியாற்றிய உளவியலாளர் டெர்ரி மாஃபிட் 1993இல் எழுதினார்: சிறு வயதிலேயே தொடங்கி நீடிக்கும் முரட்டுத்தனம் சிலருக்குத்தான், விடலைப் பருவத்தில் வந்து தணிவதே அதிகம். ஆனால் இடையில் படிப்பு அறுந்தாலோ, போதையிலோ போலீஸ் கேஸிலோ மாட்டினாலோ, தணிய வேண்டியவனும் அங்கேயே சிக்கிக்கொள்வான். அந்தப் படிப்பை அறுப்பது யார்? நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட, ஒன்பதாவதிலேயே ஆளைக் கழிக்கும் நாம்தானே!

2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது முடியும் வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது. அதாவது பதினாலு வயது வரை. மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு அந்த வயதுக்குள்ளும், பாதி பதினெட்டு வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொந்தரவு முற்றும் நேரத்தில் சட்டம் கையை விடுகிறது.

சரி, அழுத பிள்ளை பால் குடிக்கும். கடைசி பெஞ்சில் சத்தமே போடாத பெண் பிள்ளை? அது தனிக் கூட்டத்துக்கான விஷயம், தலைவர் வேறு கடிகாரத்தைப் பார்க்கிறார். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், இலவசம்.

பன்னிரண்டாவது வரை யாரையும் டி.சி. கொடுத்து அனுப்பக் கூடாது என்ற மனு வாசலில் டீ மேஜை மேல் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். தலைமையாசிரியர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கலாம்.