சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் ஒரு வேலை

நடுவர் அவர்களே, அவையோருக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

"இறக்கை முளைத்தால் பறவை பறக்கத்தான் செய்யும், உள்ளூரில் வேலை கொடுத்துப் பிள்ளைகளைக் கட்டிப்போடாதீர்கள்" என்றார் எதிரணி நண்பர். பறக்கட்டும் ஐயா. ஆனால் பொழுது சாய்ந்தால் பறவை கூட்டுக்குத் திரும்புகிறது. நம் பிள்ளைகள் திரும்புகிறார்களா?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு வாசலில் மகனுடைய சைக்கிள் நிற்கிறது. அவன் போய் ஆறு வருடம். டயர் இரண்டும் காற்று இறங்கித் தரையோடு ஒட்டிவிட்டன. அம்மா வாரம் தவறாமல் ஈரத்துணியால் துடைக்கிறார். மணியை ஒரு தடவை அடித்துப் பார்க்கிறார். அவன் ஆசைப்பட்டா போனான்? தொழிற்படிப்பு முடித்து இரண்டு வருடம் அலைந்தான், வேலை இல்லை, போய்விட்டான். ஆசைப்பட்டுப் போவது வேறு, வழியில்லாமல் போவது வேறு.

பிள்ளைக்கு முன்னால் ஊரைவிட்டுப் போவது பணம். ஊர்க்காரர்கள் வங்கியில் போடும் சேமிப்பு பெருநகரத் தொழிலுக்குக் கடனாகப் போகிறது. அங்கே வேலை முளைக்கிறது, நம் பிள்ளை அதன் பின்னால் போகிறான்.

இதை மாற்றிக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. ஸ்பெயினில், பாஸ்க் பகுதியில், மோன்ட்ராகன். உள்நாட்டுப் போரில் நொந்துபோயிருந்த ஊர். ஹோசே மரியா என்ற பாதிரியார் 1943-ல் அங்கே ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அதில் படித்த ஐந்து இளைஞர்கள் 1956-ல் அடுப்பு செய்யும் பட்டறை போட்டார்கள், தொழிலாளர்களே முதலாளிகளாக. அப்புறம்தான் முக்கியமான வேலை நடந்தது: 1959-ல் ஊர்ச் சேமிப்பை ஊர்த் தொழிலுக்கே கடன் கொடுக்கத் தங்களுக்கென்று ஒரு வங்கி. இப்படி வளர்ந்த தொழிலாளர் நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பில் இன்று சுமார் 70,000 பேர் வேலை பார்க்கிறார்கள்.

"சரி, உள்ளூர்க் கம்பெனி மூடினால்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த அடுப்புப் பட்டறையின் வழிவந்த ஃபாகோர் நிறுவனமே 2013-ல் திவாலானது. வேலை போனவர்களில் பலரைக் கூட்டமைப்பின் மற்ற நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. ஒரே ஒரு பெரிய ஆலையை நம்பியிருக்கிற ஊருக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்காது.

அதனால்தான் ஊருக்கு ஒரு தொழிற்பள்ளி, பல பட்டறைகள், அவற்றுக்கு ஊர்ப் பணத்திலிருந்தே கடன் என்று கேட்கிறோம். அந்தப் பையன் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேருகிற தூரத்தில் ஒரு வேலை. தீர்ப்பை எங்கள் பக்கம் தர வேண்டுகிறேன் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.